ராஸ்பெரி ஷேக் வாங்கலாமா? ஜியாலஜி துறைகளுக்காக ஒரு விமர்சனம்

பி.எஸ்ஸி ஜியாலஜி நடத்தும் கல்லூரிகளில் வேலை பார்க்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் இதை விரிவாகவே எழுதிவிடுகிறேன். ராஸ்பெரி ஷேக் என்கிற சின்ன நிலநடுக்கமானியை எங்கள் துறையில் வாங்கி, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் கையிலேயே விட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம். வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் பூகம்பம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் வாங்கினால் சீக்கிரமே அது பீரோவுக்குள் போய்விடும். பூகம்பம் இல்லாத நாட்களில் அது பதிவு செய்வதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி கிடைத்தது அங்கேதான்.

எதற்காக வாங்கினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எதை வைத்து மதிப்பிடுகிறேன் என்று தெரியாது. நம் இளநிலைப் பாடத்திட்டத்தில் பிராக்டிகலுக்குக் குறைவில்லை. மரத்தால் செய்த படிக மாதிரிகள், நுண்ணோக்கியில் கனிமம் பார்ப்பது, பாறை அடுக்கு ஓடும் திசையையும் சாயும் கோணத்தையும் காணும் ஸ்ட்ரைக், டிப் கணக்கு, நிலவியல் வரைபடத்துக்கு வெட்டுத்தோற்றம் வரைவது, வருடத்துக்கு ஒருமுறை அரியலூருக்கோ சேலத்துக்கோ களப்பயணம். எல்லாமே வேண்டியவைதான். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துப் பக்கம் ஓடைகளில் இறங்கி, கிரெட்டேசியஸ் காலத்துக் கணவாய் போன்ற உயிரியான பெலம்னைட்டின் புதைபடிவம் ஒன்றைத் தானே கண்டெடுத்த பிள்ளை அதை ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் இவை அனைத்திலும் விடை எனக்கு முன்கூட்டியே தெரியும், அது எனக்குத் தெரியும் என்பது மாணவர்களுக்கும் தெரியும், போன வருட ரெக்கார்டு நோட்டு ஹாஸ்டலில் எந்த அறையில் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆசிரியருக்கே விடை தெரியாத ஒரு கேள்வியைக் கையில் கொடுத்தால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை, இடைவிடாமல் புதிய தரவு தரும் ஒரு கருவி இருந்தால் போதும் என்று தோன்றியது. பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து பணம் கொடுத்தார்கள், வாங்கினோம்.

கருவியைப் பற்றி. பனாமா நாட்டில் இருக்கும் ஒரு சிறு குழு 2016-இல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டி ஆரம்பித்தது இது. ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியின் மேல் ஒரு மின்சுற்றுப் பலகை, அதோடு ஒரு ஜியோஃபோன், சுற்றிலும் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டி. அவ்வளவுதான், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. ஜியோஃபோன் உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி சுருள்வில்லில் தொங்கும் கம்பிச்சுருள். தரை ஆடினால் காந்தம் தரையோடு ஆடும், சுருள் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அந்த வித்தியாசத்தில் பிறக்கும் மின்னழுத்தத்தை விநாடிக்கு 100 முறை அளந்து கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும். முதலாமாண்டு துணைப்பாட இயற்பியலில் படித்த ஃபாரடே விதி இங்கே வேலை செய்வதை மாணவர்கள் கண்ணால் பார்க்கலாம். இணைப்பைச் செருகிவிட்டு, பெட்டிக்குப் பக்கத்துத் தரையில் விரல் நுனியால் லேசாகத் தட்டினால் திரையில் கோடு எகிறும். ஒரு மாணவி பத்தடி தள்ளிப் போய்க் குதிகாலை மட்டும் உயர்த்தி இறக்கிப் பார்த்தாள், அதுவும் வந்தது. எந்த விரிவுரையும் செய்யாத வேலையை அந்த ஒரு நிமிடம் செய்துவிட்டது.

பல மாடல்கள் இருக்கின்றன. 1டி என்பதில் ஒரே ஜியோஃபோன், மேலும் கீழுமான அசைவை மட்டும் பதியும். 3டி-யில் மூன்று திசைக்கும் மூன்று. 4டி-யில் ஒரு ஜியோஃபோனோடு, பலமான ஆட்டத்தை அளக்க மூன்று முடுக்கமானிகள். காதுக்குக் கேட்காத தாழ்வொலியைப் பதியும் பூம் என்பது தனி. நாங்கள் வாங்கியது 1டி. விலை சில நூறு டாலர், அதற்கு மேல் அனுப்பும் செலவு, சுங்கவரி. கல்லூரிக் கணக்கில் வெளிநாட்டுப் பொருள் வாங்குவதற்கான காகித வேலை தனி, அதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். என்றாலும் மெதுவான அசைவு முதல் வேகமான அதிர்வு வரை எல்லாவற்றையும் பதியும் ஒரு முழுமையான பிராட்பேண்ட் நிலநடுக்க நிலையம் அமைக்க ஆகும் லட்சங்களோடு ஒப்பிட்டால் இது ஒரு துறை தாங்கக்கூடிய தொகைதான். ஒன்று சொல்வேன்: கட்டி முடித்த பெட்டியாக வாங்காமல், பாகங்களாக வரும் கிட்டை வாங்குங்கள். ஸ்க்ரூ முடுக்கிப் பொருத்துவது பிள்ளைகளாக இருக்கட்டும். பிறகு எது கோளாறானாலும் பயப்படாமல் திறந்து பார்ப்பார்கள்.

வைக்கிற இடம்தான் பாதி வெற்றி. தரைத்தளம், கான்கிரீட் தரை, சுவரோர மூலை, குமிழியை நடுவில் நிறுத்தி மட்டம் பார்த்து வைக்க வேண்டும், நேர்வெயிலும் மின்விசிறிக் காற்றும் படக்கூடாது. எங்களிடம் பாறை மாதிரிகள் அடுக்கிய ஒரு ஸ்டோர் ரூம் இருந்தது, அங்கே வைத்தோம். நேரம் இன்னொரு முக்கியமான விஷயம். நிலநடுக்கவியலில் நேரம் தப்பினால் தரவு குப்பை. இந்தக் கருவி இணையம் வழியாகத்தான் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது, வேண்டுமானால் ஜிபிஎஸ் செருகிக்கொள்ளலாம். பல கல்லூரிகளின் நெட்வொர்க்கில் ஃபயர்வால் இந்த நேரச் சேவையை அடைத்து வைத்திருக்கும், அலைகள் திரையில் அழகாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் கடிகாரம் மெல்ல விலகிக்கொண்டிருக்கும். கருவியின் முகப்புப் பக்கத்தில் நேர ஒத்திசைவு நிலை காட்டப்படும், அதை தினமும் ஒரு மாணவர் பார்த்து நோட்டில் எழுத வேண்டும் என்று விதி வைத்துவிடுங்கள்.

சரி, ஆராய்ச்சிக்கு வருகிறேன்.

முதல் வாரம் எல்லோருக்கும் ஏமாற்றம். பூகம்பம் எதுவும் வரவில்லை, கோடு முழுக்க இரைச்சல். நான் வேறு எதுவும் சொல்லாமல் ஸ்பெக்ட்ரோகிராமைத் திறந்து காட்டினேன், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்பதை நேரத்துக்கு எதிராக வண்ணத்தில் காட்டும் படம். அதில் 6 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 6 அதிர்வு) பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு. காலை கல்லூரி திறந்ததும் தொடங்குகிறது, மாலையில் மறைகிறது, நடுவில் சில நேரம் படிபோலக் கீழே இறங்குகிறது. இது என்ன என்று கேட்டேன். எனக்கும் அப்போது தெரியாது. ரயில் என்றார்கள், ஜெனரேட்டர் என்றார்கள், ஒருவன் காவிரி என்றான். எதைச் சொன்னாலும் நான் கேட்டது ஒன்றுதான்: அப்படியானால் வேறு எந்த நேரத்தில் என்ன தெரிய வேண்டும்? ரயில் என்றால் கோடு தொடர்ந்து இருக்காதே. ஆறு என்றால் ராத்திரியும் இருக்க வேண்டுமே. கடைசியில் மின்வெட்டு ஒன்று வந்தபோது, யூபிஎஸ்ஸில் கருவி ஓடிக்கொண்டிருக்க, அந்தக் கோடு மட்டும் பொட்டென்று நின்றுபோனதை ஒரு மாணவி கவனித்தாள். அப்புறம் துப்பு கிடைத்துவிட்டது. ஸ்டோர் ரூமுக்கு அடுத்த வகுப்பறையின் சீலிங் ஃபேன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார்கள். ரெகுலேட்டரை ஐந்திலிருந்து மூன்றுக்குத் திருப்பியதும் கோடு ஒரு படி இறங்கியது. நிமிடத்துக்கு 360 சுற்று என்றால் விநாடிக்கு 6. ஃபேனின் வேகம் தரை வழியாக வந்து பாறை அலமாரிக்குப் பக்கத்தில் பதிவாகியிருக்கிறது.

ஃபேனைக் கண்டுபிடித்ததில் என்ன நிலவியல் இருக்கிறது என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. இதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஒரு சமிக்ஞையைப் பார்ப்பது, காரணம் ஊகிப்பது, அந்த ஊகம் சரியென்றால் வேறெங்கே என்ன தெரிய வேண்டும் என்று யோசிப்பது, சோதிப்பது, தப்பென்றால் விடுவது. எந்த நிலநடுக்கவியல் ஆய்வாளரும் புதிய நிலையம் அமைத்தால் முதலில் செய்வது இதையேதான். பிறகு 24 ஹெர்ட்ஸ் பக்கம் இன்னொரு கோடு வந்தபோது நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர்களே மோட்டார் ரூமுக்குப் போய் 1440 சுற்று என்று தகட்டில் இருப்பதைப் படித்துவிட்டு வந்தார்கள்.

அதிலிருந்து ஒரு உருப்படியான திட்டம் பிறந்தது. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது உலகமே அமைதியானதை நிலநடுக்கமானிகள் பதிவு செய்தன, நினைவிருக்கும். உலகம் முழுவதும் 268 நிலையங்களின் தரவை வைத்து, மனித நடமாட்டத்தால் வரும் அதிர்வு பல இடங்களில் பாதி வரைக்கும் குறைந்ததாக அந்த ஆண்டே சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அந்த நிலையங்களில் பொதுமக்கள் வீட்டில் வைத்திருந்த ராஸ்பெரி ஷேக்குகளும் உண்டு. 4 முதல் 14 ஹெர்ட்ஸ் வரையான பட்டையைத்தான் அதில் மனித இரைச்சலாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அதே பட்டையை எடுத்து, பொங்கல் விடுமுறையைச் சோதித்தார்கள். ஃபேன் கோட்டை முதலில் கழிக்க வேண்டும் என்பது அவர்களுக்கே தோன்றியது, அதில் எனக்குப் பெருமை. போகி தொடங்கி இரைச்சல் குறைந்தது, எதிர்பார்த்ததுதான். காணும் பொங்கல் அன்று பிற்பகலில் மட்டும் அது வேலைநாளை மிஞ்சி ஏறியது. கல்லூரிக்கு முன்னால் போகும் சாலை ஆற்றங்கரைக்குப் போகிற சாலை, ஊரே கட்டுச்சோற்றோடு அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. சாலையில் நின்று வண்டிகளை எண்ணிய இரண்டு பேரின் கணக்கும் கருவியின் வரைபடமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியதைப் பார்த்தபோது வகுப்பில் எழுந்த சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இதை இதற்கு முன் யாரும் இந்த ஊரில் அளந்ததில்லை. எந்த ரெக்கார்டு நோட்டிலும் இது கிடையாது.

பூகம்பமும் வந்தது. 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. மியான்மரில் சகாயங் பிளவின் மேல், மண்டலேக்குப் பக்கத்தில் 7.7 அளவு. நம் நேரம் காலை 11.50. எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர், பூமியின் மையத்தில் எடுக்கும் கோணத்தில் சொன்னால் 20 டிகிரி சுற்றி. பூகம்பத்திலிருந்து முதலில் வந்து சேருவது பி அலை, அது வர நாலரை நிமிடம் ஆகும். திரையில் கோடு தடித்தபோது ஸ்டோர் ரூமில் இருந்த மாணவன் வழக்கம்போல லாரி என்றுதான் நினைத்திருக்கிறான். ஆனால் லாரி ஏறி இறங்கும், இது நிற்காமல் நீண்டது, அதிர்வெண்ணும் தாழ்வாக இருந்தது. இரைச்சலோடு மாதக்கணக்கில் பழகியதால்தான் இது இரைச்சல் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. செய்தி வருவதற்கு முன்பே துறைக்கு ஓடி வந்தான். அன்றைக்கு பாங்காக்கில், பூகம்ப மையத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கட்டிக்கொண்டிருந்த உயரமான கட்டடம் ஒன்று இடிந்து விழுந்ததை மதியத்துக்குப் பிறகு செய்தியில் பார்த்தோம். பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். கோட்டுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பதிவை எடுத்து உட்கார்ந்தோம். பி வந்த நேரத்துக்கும், அதற்குப் பின்னால் மெதுவாக வரும் எஸ் அலை வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்துத் தூரம் கண்டுபிடிப்பது பாடப்புத்தகக் கணக்கு. 1897 அஸ்ஸாம் பூகம்பத்தின் பதிவுகளிலிருந்துதான் இந்திய நிலவியல் அளவைத் துறையில் இருந்த ஓல்டாம் இந்த அலைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார், பிறகு 1906-இல் பூமிக்கு உட்கரு இருப்பதற்கான சான்றையும் காட்டினார். இதைப் பாடமாக நடத்தும்போது எழுதிக்கொள்வார்கள். இப்போது தங்கள் சொந்தப் பதிவில் எஸ் அலையைத் தேடும்போது அது அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை, ஏனென்றால் எங்கள் கருவி செங்குத்து அசைவை மட்டும் பதிகிறது, எஸ் அலையோ பெரும்பாலும் பக்கவாட்டில் ஆட்டும். ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள். ஒவ்வொருவர் காட்டிய இடத்துக்கும் தூரம் கணக்கிட்டு, எல்லோருடைய விடையையும் பலகையில் எழுதி, பிழை எவ்வளவு என்று முதன்முதலாகப் பேசினோம். விடை ஒரு எண் என்றே பழகியவர்களுக்கு, விடை ஒரு வீச்சு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்னொரு கேள்வியும் வந்தது. பி அலை ஒரே துடிப்பாக வராமல் அடுத்தடுத்துப் பல துடிப்பாக வந்திருக்கிறதே, ஏன்? இதற்கு இரண்டு காரணம் சொல்லலாம். சுமார் 20 டிகிரி தூரத்தில், பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டிலில் 410, 660 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் எல்லைகளால் வளைந்து வரும் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அதே சமயம் மியான்மரில் பிளவு கிழிந்தது 400 கிலோமீட்டருக்கும் மேல், கிழிய நேரம் எடுக்கும், அதனாலும் துடிப்பு நீளும். எது எவ்வளவு என்று ஒற்றை 1டி நிலையத்தை வைத்துப் பிரிக்க முடியாது. முடியாது என்று எழுதி, பிரிக்க என்ன வேண்டும் என்றும் எழுதி அறிக்கையை முடித்தார்கள். நான் அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

கல் குவாரி வெடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டிய விஷயம். பகலில், ஏறக்குறைய ஒரே நேரங்களில், கூர்மையாகத் தொடங்கிச் சட்டென்று அடங்கும் பதிவுகள் வரும். இயற்கை நிலநடுக்கம் ராத்திரி பகல் பார்ப்பதில்லை, வெடி பார்க்கும். நேர வாரியாக ஒரு வரைபடம் போட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும், இளநிலை மாணவருக்கு அருமையான திட்டம். ஆனால் குவாரிக்குப் பக்கத்து ஊரிலிருந்து வரும் மாணவன், எங்கள் வீட்டுச் சுவர் விரிசலுக்கு இதை ஆதாரமாக வைக்கலாமா சார் என்று கேட்டான். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-இல் போட்ட வரம்பு இருக்கிறது, சாதாரண வீடுகள் இருக்கும் இடத்தில் வெடியால் தரை ஆடும் வேகம் அதிர்வெண்ணைப் பொறுத்து விநாடிக்கு 5, 10, 15 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று. ஜியோஃபோன் அளப்பதும் திசைவேகத்தைத்தான், கருவியின் மறுமொழியை, அதாவது கருவி தன் பங்குக்குப் பதிவில் செய்யும் மாற்றத்தை, நீக்கினால் அதே அலகில் விடை வரும். ஆனால் எங்கள் கருவி இருப்பது கல்லூரியில், அவன் வீட்டில் இல்லை. ஒரு திசை மட்டும்தான் அளக்கிறது. யாரும் சரிபார்த்துச் சான்று தரவில்லை. இவை மூன்றையும் அவனுக்கு விளக்கினேன். பிறகு அவனே, புகார் எழுதுவதற்கு முன் முறையான அளவீடு கேட்டு மனு கொடுக்கலாம் என்று ஊரில் சொன்னான். மாணவர் தரவை வெளியே கொண்டுபோகும் முன் இந்தப் பேச்சு ஒவ்வொரு துறையிலும் நடந்தாக வேண்டும்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் ஆகாது. முதல் குறை, நெடுங்கால அலைகள், அதாவது ஒரு முறை ஆடி முடிக்கவே பல விநாடி எடுக்கும் அலைகள். இதில் இருப்பது 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன், மின்சுற்றின் உதவியால் 1 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே வரை நீட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே போகப் போகக் கருவிக்குக் காது மந்தம். தொலைதூரப் பெரிய பூகம்பங்களின் 20 விநாடி மேற்பரப்பு அலைகள் இதில் சரியாக வராது, வங்கக்கடல் புயல் எழுப்பும் கடலலை அதிர்வையும் நம்பி அளக்க முடியாது. புயலைப் படிக்கலாம் என்று ஆசைப்பட்ட ஒரு குழுவை நான் வேறு தலைப்புக்கு மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாவது, 1டி-யின் ஒற்றைத் திசை. மேலே சொன்ன எஸ் அலைத் தகராறு அதனால்தான். காசு புரண்டால் 3டி வாங்குங்கள். மூன்றாவது, மின்சாரம். திடீரென்று கரண்ட் போனால் மெமரி கார்டு கெட வாய்ப்பு அதிகம், ராஸ்பெரி பை எதற்கும் இது பொருந்தும். சின்ன யூபிஎஸ் ஒன்றைச் செலவோடு செலவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்டு நிரம்பாமல் இருக்கப் பழைய நாட்களின் தரவைக் கருவி தானாகவே அழித்துக்கொண்டு போகும், எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பதை அமைப்பில் மாற்றலாம், அல்லது வாராவாரம் நகலெடுத்து வைக்கலாம். நான்காவது, கையேடு முழுக்க ஆங்கிலம். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் முதல் பக்கத்திலேயே தயங்கி நின்றார்கள். நாங்கள் படத்தோடு ஒரு தமிழ்க் குறிப்பேடு எழுதினோம், அதை எழுதியதும் மாணவர்கள்தான்.

மென்பொருளுக்குப் பைசா செலவில்லை. அமெரிக்க நிலவியல் அளவைத் துறையினர் எரிமலைகளைக் கண்காணிக்க உருவாக்கிய ஸ்வார்ம் இலவசம், சுட்டியை வைத்தே எல்லாம் செய்துவிடலாம், அதில் தொடங்குங்கள். பிறகு பைத்தான் நிரல்மொழியில் நிலநடுக்கத் தரவைக் கையாளும் ஆப்ஸ்பை. நிரல் என்றாலே ஒதுங்கும் மாணவர்கள்கூட, தங்கள் சொந்த நிலையத்தின் பெயரைப் போட்டு பத்து வரியில் ஒரு படம் வந்ததும் பதினோராவது வரியைத் தாங்களே எழுத ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நிலையப் பெயர் உண்டு, நாம் சம்மதித்தால் தரவு உலகப் பொதுத் தொகுப்பில் சேரும், வரைபடத்தில் நம் ஊரில் ஒரு புள்ளி விழும். வீட்டின் சரியான இடத்தைக் காட்டாமல் கொஞ்சம் தள்ளித்தான் காட்டுவார்கள். ஹைத்தியில் 2010-க்குப் பிறகு பொதுமக்கள் வீடுகளில் வைத்த இதே கருவிகள்தான் 2021 ஆகஸ்ட் 14-இல் வந்த 7.2 பூகம்பத்தின் பின்னதிர்வுகளைப் பக்கத்திலிருந்து பதிந்து ஆய்வாளர்களுக்கு உதவின. அதை வகுப்பில் சொன்னபோது, எங்கள் தரவையும் யாராவது பயன்படுத்துவார்களா என்று கேட்டார்கள். பயன்படுத்தலாம், ஆகையால் பராமரிப்பு நோட்டை ஒழுங்காக எழுதுங்கள் என்றேன். அன்றிலிருந்து ஒழுங்காக எழுதுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இது எதற்கு, நமக்குப் பூகம்பமே வராதே என்று நிர்வாகத்தில் கேட்பார்கள். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் 6 அளவுக்கு வந்திருக்கிறது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலில் வந்தது சென்னை வரை தெரிந்தது. அதற்கு அடுத்த ஆண்டுதான் இந்தியத் தரநிர்ணய அமைப்பின் நிலநடுக்க அபாய வரைபடத்தில் சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. 2004 டிசம்பர் 26-ஐப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இப்போது நம் வகுப்பில் இருப்பவர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், நாகப்பட்டினம் பிள்ளைகளுக்குக்கூட அது அப்பா அம்மா சொன்ன கதை. இந்த நான்கு வரியைக் கடிதத்தில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் செயல்திட்டங்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம், சிறிய தொகைதான், யூபிஎஸ்ஸுக்கும் பயணத்துக்கும் ஆகும்.

பணமே இல்லை என்றால்? அப்போதும் வழி இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் செயலியைப் போனில் போட்டால் போனின் முடுக்கமானியே சின்ன அதிர்வுமானி ஆகிவிடும். தொலைதூரப் பூகம்பம் எதுவும் அதில் தெரியாது, ஆனால் பாலத்தின் ஆட்டம், பஸ், மோட்டார் எல்லாம் கிடைக்கும், முதலாமாண்டுக்கு அதுவே போதும். அதோடு, உலகெங்கும் உள்ள ஷேக் நிலையங்களின் தரவு இலவசமாகக் கிடைப்பதால், கருவி வாங்காமலே ஒரு மடிக்கணினியும் ஆப்ஸ்பையும் வைத்து நல்ல திட்டம் செய்யலாம். நான் சொந்தக் கருவியை வற்புறுத்துவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: வேறு யாருடைய நிலையத்திலும் நீங்கள் போய் ஃபேனை நிறுத்திப் பார்க்க முடியாது.

வாங்கும் துறைகளுக்கு இன்னும் ஒரு வார்த்தை. கருவியின் கடவுச்சொல் துறைத்தலைவரிடமும் லேப் உதவியாளரிடமும் மட்டும் இருந்தால் இந்தப் பணம் வீண். இரண்டாம் ஆண்டில் இரண்டு பேர், மூன்றாம் ஆண்டில் இரண்டு பேர் என்று பொறுப்புக் கொடுங்கள், ஏப்ரலில் மூத்தவர்கள் போகும்போது நோட்டையும் கார்டுகளையும் இளையவர்களுக்கு முறையாக ஒப்படைக்கச் சொல்லுங்கள். ஏதாவது கெட்டுப்போகும் என்று பயமாகத்தான் இருக்கும். கெட்டாலும் மறுபடி மென்பொருளைக் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம், அது ஒரு பிற்பகல் வேலை. வாரத்தில் ஒரு மணி நேரமாவது டைம்டேபிளில் இதற்கென்று ஒதுக்குங்கள், மாலை நேரத்தில் விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று வைத்தால் பஸ் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் யாரும் வர முடியாது, பெண் பிள்ளைகள் முதலில் விடுபட்டுப் போவார்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். நெடுங்கால அலைகளுக்காக ஒன்றைக் குறைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு நிலையத்தை மட்டும் வைத்துத் தூரத்தைத்தான் சொல்ல முடியும், இடத்தைச் சொல்லக் குறைந்தது மூன்று வேண்டும். பெரம்பலூர், கரூர், புதுக்கோட்டைப் பக்கம் ஏதாவது கல்லூரியில் இந்தக் கருவி இருந்தால், அல்லது வாங்கும் யோசனை இருந்தால், கீழே எழுதுங்கள். எங்கள் மாணவர்களிடம் வெடிப்பதிவுகளின் நேரப் பட்டியல் தயாராக இருக்கிறது, உங்கள் மாணவர்களுடையதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எந்த வெடி எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்பதை இவர்களே வரைபடத்தில் குறித்துவிடுவார்கள்.